ஆர்க்கிகேட்டில் வியூவையும் ஷீட்டையும் இணைத்தல்: சுவர் மாறியும் சில ஷீட்கள் ஏன் மாறுவதில்லை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். மார்த்தாண்டம் அருகே 7 சென்ட் மனையில் எழவிருக்கும் இரண்டு நிலை வீட்டுக்கு ஆர்க்கிகேட் என்ற கட்டட வரைவு மென்பொருளில் முப்பரிமாண மாடல் செய்து, அச்சிடும் தாள்களான 9 ஷீட்களையும் முடித்துவிட்டீர்கள். கல்லிடும் நாள் நெருங்கிய வேளையில் ஆசாரி, கோல் என்ற மரபு அளவில் வீட்டின் சுற்றளவுக்குக் கணக்குப் பார்த்து, வெளிச்சுற்றளவில் 4 விரல் கூட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மாடலில் மேற்குச் சுவரை நகர்த்தியதும் சில ஷீட்கள் தாமே மாறின. சில பழைய அளவையே காட்டுகின்றன. தரைத்தளப் பிளான் உள்ள ஷீட்டில் படம் இடம்பெயர்ந்து தலைப்புக் கட்டத்தின்மேல் ஏறிவிட்டது. செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்) குறியில் ஷீட் எண் வரவேண்டிய இடத்தில் ஹாஷ் குறியோடு ஏதோ எழுத்துகள் நிற்கின்றன. கோளாறு மென்பொருளிலா, வேலைமுறையிலா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைமுறையில்தான். ஆனால் இம்மூன்றும் ஒரே தவறின் விளைவுகள் அல்ல என்பதால் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் அந்த 4 விரலின் அளவைக் கவனியுங்கள். ஒரு கோல் 24 விரல். நாம் இன்று கணக்கிடும் முறையில் ஒரு கோல் 72 செ.மீ., ஒரு விரல் 3 செ.மீ. நீங்கள் அனுப்பிய பிளானில் வீடு 12.60 மீட்டருக்கு 9.30 மீட்டர், சுற்றளவு 43.80 மீட்டர், அதாவது 60 கோல் 20 விரல். ஆசாரி அதை 61 கோலாக்கச் சொல்லியிருக்கிறார். கூட வேண்டியது 12 செ.மீ.; மேற்குச் சுவரை 6 செ.மீ. நகர்த்தினால் வடக்கிலும் தெற்கிலும் ஆறாறாகக் கூடிக் கணக்கு நேராகிவிடும். இந்த 6 செ.மீ. 1:100 ஸ்கேலில் தாளில் 0.6 மி.மீ. மட்டுமே. பழைய ஷீட்டையும் புதிய ஷீட்டையும் அருகருகே விரித்து வைத்தாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அளவு எண்ணில் மட்டுமே 12.60 என்பது 12.66 என்று மாறியிருக்கும். ஒரு அறையையே இடம் மாற்றியிருந்தால் மாறாத ஷீட் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். இத்தகைய சிறு மாற்றத்தில் அது சத்தமில்லாமல் கொத்தனார் கைக்குப் போய்ச் சேரும். நம் குமரி மாவட்டத்தில் கோல் கணக்கைப் பொருட்படுத்தும் குடும்பங்கள் நிறைய இருப்பதால், வேலை முடிந்தபின் விரல் அளவில் வரும் திருத்தங்களை எதிர்பார்த்தே ஷீட்களை அமைப்பது நல்லது.

ஆர்க்கிகேட்டில் நீங்கள் ஷீட்டில் காண்பது மூன்றாம் படி. முதற்படி மாடல்: சுவர், கதவு, தளம் எல்லாம் அங்கே இருக்கின்றன, புராஜெக்ட் மேப்பில் ஒவ்வொரு தளமும் செக்‌ஷனும் எலிவேஷனும் (வெளிப்புறத்தின் நேர்முகத் தோற்றம்) அந்த மாடலைப் பார்க்கும் ஓர் இடமாகப் பட்டியலிடப்படுகின்றன. இரண்டாம் படி வியூ: அதே இடத்தை எந்த ஸ்கேலில், எந்த லேயர்களை (பொருள்களைப் பிரித்து வைக்கும் அடுக்குகள்) திறந்து, எந்தப் பேனாத் தொகுப்பில், எந்த அளவு முறையில், புதுப்பிப்பு வேலையானால் இடிப்பதைக் காட்டியா மறைத்தா பார்க்க வேண்டும் என்ற தீர்மானங்களின் தொகுப்பு, இவை வியூ மேப்பில் சேமிக்கப்படுகின்றன. மூன்றாம் படி, ஷீட்களின் தொகுப்பான லேயவுட் புக்கில் உள்ள ஷீட்டின்மீது வைக்கப்படும் டிராயிங். இந்த டிராயிங் ஒரு வியூவின் முகவரியை வைத்துக்கொண்டு, அங்கே போய்ப் படத்தை எடுத்து வந்து காட்டுவது; தானாக எதையும் அறியாதது. ஷீட்டில் தவறு தெரிந்தால் அது எந்தப் படியில் நேர்ந்தது என்று கேட்டு, அந்தப் படியிலேயே திருத்த வேண்டும்.

பழைய ஆட்கள் சிலர் ஷீட்டை இன்னமும் தனிக் கோப்பைப்போல நடத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 2006-இல் வந்த ஆர்க்கிகேட் 10-க்கு முன்புவரை ஷீட் தயாரிப்பதற்குப் பிளாட்மேக்கர் என்ற தனி நிரல் இருந்தது. 10-ஆம் பதிப்பில்தான் அது ஆர்க்கிகேட்டுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அவர்களிடம் தொழில் கற்றவர்கள் வழியாக அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது.

இனி முதற் சிக்கல். மாறாத ஷீட்களில் ஒன்றைத் திறந்து பிளானின்மீது ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள். முழுப் படமும் ஒரே சட்டகமாகத் தேர்வானால் அது டிராயிங். ஒரு கோடு மட்டும் தேர்வானால், யாரோ பிளானை வெறுங்கோடுகளாக உடைத்து ஷீட்டில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கோடுகளுக்கு மாடலோடு எந்த உறவும் இல்லை. அவற்றை அழித்துவிட்டு வியூவை மீண்டும் வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கோடுகளாக வரையும் மென்பொருளான ஆட்டோகேட்டிலிருந்து வருகிறவர்கள் அவசரத்தில் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோகேட்டின் மீது பழி போடுவதற்கில்லை. 1990-இல் வந்த அதன் 11-ஆம் வெளியீட்டிலேயே தாளை அமைக்கும் பேப்பர் ஸ்பேஸ் இருந்தது, 2005 பதிப்பில் ஷீட்களை நிர்வகிக்கும் ஷீட் செட் மேனேஜர் வந்தது. வரையும் இடமான மாடல் ஸ்பேஸிலேயே பிளானைப் பத்து முறை நகலெடுத்துப் பத்துக் கட்டம் போடுவது நம் பழக்கம்.

சட்டகமாகத் தேர்வாகியும் மாறவில்லை என்றால், அதன் புதுப்பித்தல் முறையைப் பாருங்கள். ஒவ்வொரு டிராயிங்கையும் தானாகப் புதுப்பிக்கும்படியோ, கையால் கட்டளையிட்டால் மட்டும் புதுப்பிக்கும்படியோ அமைக்கலாம். தானியங்கி முறையில் உள்ளவை ஷீட்டைத் திறக்கும்போதும் வெளியிடும்போதும் மாடலைப் போய்ப் பார்த்து வரும். கைமுறையில் உள்ளவை நீங்கள் சொல்லும்வரை பழைய படத்தையே வைத்துக்கொண்டிருக்கும். டிராயிங் மேனேஜரைத் திறந்தால் எல்லா ஷீட்களிலும் உள்ள டிராயிங்குகள் ஒரே பட்டியலில் நிற்கும். எது எந்த வியூவோடு இணைந்தது, எந்த முறையில் இருக்கிறது, நிலை என்ன, இணைப்பு அறுந்ததா என்று வரிவரியாகத் தெரியும். நிலையைச் சரிபார்க்கும் கட்டளையை முதலில் கொடுத்து, பிறகு புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுங்கள்.

கைமுறையை எப்போது வைக்கலாம் என்றால், கனமான முப்பரிமாணப் படத்துக்கு மட்டும் என்பேன். கணினி மெதுவாகிறது என்பதற்காகப் பிளானையும் செக்‌ஷனையும் கைமுறைக்கு மாற்றும் வழக்கத்தை நான் ஒருமுறை பின்பற்றிப் பட்டிருக்கிறேன். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் மாடிப்படியின் நடுத்தட்டை மாடலில் உயர்த்தினேன். படிக்கட்டு விவரம் இருந்த ஷீட் கைமுறையில் இருந்ததை மறந்துவிட்டேன். பிளான் புதிது, விவரம் பழையது. இரண்டையும் கையில் வைத்திருந்த கொத்தனார் விவரத்தை நம்பிப் பலகை அடித்தார். அவர் செய்ததுதான் முறை. கான்கிரீட் போடும் முன்பே வீட்டுக்காரர் கேட்ட ஒரு கேள்வியால் அது தெரியவந்தது என் நல்ல காலம்.

டிராயிங் மேனேஜர் ஒன்றைச் சரி என்று காட்டினால், அது தன் மூலத்தோடு ஒத்திருக்கிறது என்பது மட்டுமே பொருள். மூலம் சரியானதா என்று அதற்குத் தெரியாது. உங்கள் 9 ஷீட்களில் இரண்டு, ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் அனுப்பிய டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வரைபட) கோப்பை வெளி டிராயிங்காக இணைத்தவை. அவை சரி என்றுதான் காட்டும், ஏனெனில் அந்தக் கோப்பு மாறவில்லை. ஆனால் அதற்குள் தூண்களுக்கிடையிலான அளவு பழைய 12.60 மீட்டர் வீட்டுக்கு உரியது. அவருக்குப் புதிய பிளானை அனுப்பி, அவர் திருத்தித் தருவதைப் பழைய கோப்பின் இடத்தில் அதே பெயரில் வைத்துப் புதுப்பித்தால்தான் அந்த ஷீட்கள் உண்மையில் சரியாகும். அந்த இரண்டு ஷீட்களையும் அதுவரை கொத்தனாருக்குக் கொடுக்காதீர்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது அவற்றைப் பார்த்துத்தான்.

இரண்டாம் சிக்கலான இடப்பெயர்ச்சிதான் எனக்குச் சுவையாகப்பட்டது. டிராயிங்கைத் தாளில் பிடித்து நிறுத்தும் நங்கூரப் புள்ளி ஒன்று உண்டு. சட்டகத்தின் நடுவிலோ மூலைகளிலோ விளிம்புகளிலோ அதை வைக்கலாம், அல்லது டிராயிங்கின் உள் ஆதிப்புள்ளியில் (அளவுகள் தொடங்கும் இடம்) வைக்கலாம். சட்டகம் படத்தின் பரப்புக்கேற்பத் தானே விரியும்படி இருந்து, நங்கூரமும் சட்டகத்தின் நடுவில் இருந்தால், படத்தின் பரப்பு கூடும்போது நடுப்புள்ளி நகர்ந்து வீடும் தாளில் நகரும். ஆனால் 6 செ.மீ. என்பது 1:50 ஸ்கேலில் 1.2 மி.மீ.; அதனால் வீடு 0.6 மி.மீ. தான் நகரும். தலைப்புக் கட்டத்தின்மேல் ஏறும் அளவுக்கு நகர்ந்திருக்கிறது என்றால் வீட்டுக்கு வெளியே வெகுதொலைவில் ஏதோ ஒன்று புதிதாக நிற்கிறது. சுவரை நகர்த்துமுன் பழைய பிளானை எச்சரிக்கைக்காகப் பக்கத்தில் நகலெடுத்து வைத்தீர்களா? அப்படியானால் அந்த நகலும் அதே வியூவுக்குள் வந்து, சட்டகத்தை இரட்டிப்பாக்கியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள், வேண்டுமென்றால் எந்த வியூவிலும் திறக்காத ஒரு லேயருக்கு அனுப்புங்கள். கிணற்றின் குறியோ, எல்லைக்கல்லைக் காட்டும் ஒரு தனி எழுத்தோ கூட இதே வேலையைச் செய்யும்.

எப்படியிருந்தாலும் பிளான் ஷீட்கள் அனைத்திலும் நங்கூரத்தை உள் ஆதிப்புள்ளிக்கு மாற்றிவிடுங்கள். படம் எந்தப் பக்கம் விரிந்தாலும் வீடு தாளில் இருந்த இடத்திலேயே நிற்கும். தரைத்தளமும் மாடியும் வெவ்வேறு ஷீட்களில் ஒரே இடத்தில் அமையும் என்பது கூடுதல் நன்மை. இரு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துச் சுவர்மேல் சுவர் வருகிறதா என்று பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். இதற்கு எதிர்த்திசையில் ஒரு ஆபத்தும் உண்டு. சட்டகத்தைக் கையால் இழுத்துச் சுருக்கியிருந்தால் அது விரியாது. மேற்கே நீண்ட பகுதியோ, அதற்கு வெளியே எழுதிய அளவுக்கோடோ சட்டகத்துக்கு அப்பால் மறைந்துவிடும். மேற்கு ஓரத்து அளவுகள் ஏதாவது காணாமற்போயிருந்தால் முதலில் சட்டகத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, செக்‌ஷன் குறி. ஆர்க்கிகேட்டில் அந்தக் குறி தான் சுட்டும் வியூ எந்த ஷீட்டில் எந்த எண்ணோடு வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தானே படித்து எழுதிக்கொள்ளும். அது சுட்டும் டிராயிங் எந்த ஷீட்டிலும் இல்லாதபோது எண்ணுக்குப் பதிலாக அந்த ஹாஷ் எழுத்துகளைக் காட்டும். நீங்கள் பழைய செக்‌ஷன் வியூவை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்று சேமித்ததாக எழுதியிருந்தீர்கள்; காரணம் அங்கேதான் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் இணைப்பு ஒட்டிக்கொள்வதில்லை. மென்பொருளுக்கு அது வேறொரு வியூ. ஷீட்டில் உள்ள டிராயிங்கைத் தேர்ந்தெடுத்து, அதன் இணைப்பைப் புதிய வியூவுக்கு மாற்றும் கட்டளையைக் கொடுங்கள். பிறகு செக்‌ஷன் குறியின் அமைப்புகளில் அது எதைச் சுட்டுகிறது என்பதையும் பார்த்துச் சரிசெய்யுங்கள். வருங்காலத்தில் வியூவின் லேயரோ ஸ்கேலோ பிடிக்கவில்லை என்றால் அதை நீக்காமல், திரையில் வேண்டியபடி அமைத்துக்கொண்டு, இருக்கும் வியூவையே அந்த அமைப்புகளால் மறுவரையறை செய்யுங்கள். அறையை மாற்றிக் கட்டலாம். கதவெண்ணை ஏன் மாற்ற வேண்டும்?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அனுமதி ஷீட்டில் பரப்பளவு அட்டவணையைக் கையால் தட்டெழுதியிருக்கிறீர்கள். மேற்கே 6 செ.மீ. கூடியதால் 9.30 மீட்டர் நீளத்துக்கு 0.558 சதுர மீட்டர், ஏறத்தாழ 6 சதுர அடி கூடியிருக்கிறது. மாடியும் அதே சுவர்மேல் எழுவதால் மொத்தம் 12 சதுர அடி. சிறிதுதான். ஆனால் பிளானின் அளவு 12.66 என்றும் அட்டவணை 12.60-க்கு உரிய பரப்பையும் சொன்னால், பெருக்கிப் பார்க்கும் அதிகாரி மனுவைத் திருப்பிவிடுவார், அது நியாயமும்கூட. அட்டவணையையும் ஸோன்களிலிருந்து (பரப்பை அளக்கும் பொருள்கள்) எடுத்த ஒரு வியூவாகச் சேமித்து ஷீட்டில் வையுங்கள். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கையால் கோடு சுற்றி வரைந்த ஸோன் சுவர் நகர்ந்தால் தொடராது. சுவரின் குறிப்புக்கோடு (சுவரை வரைய அடிப்படையாகும் கோடு) வெளிவிளிம்பில் இருக்குமாறு வரைந்து, ஸோனைக் குறிப்புக்கோட்டை ஒட்டி அமைத்தால், அது கட்டடத்தின் வெளிப்பரப்பைக் கொடுக்கும். சுவரை நகர்த்தியபின் ஸோன்களைப் புதுப்பிக்கும் கட்டளையைத் தனியாகக் கொடுக்கவும் வேண்டும். ஷீட் தானியங்கியாக இருப்பதால் ஸோனும் தானியங்கி என்று நினைத்துவிடக் கூடாது.

அறைப்பெயர், அளவுக்கோடு, மட்டக்குறி ஆகிய எதையும் ஷீட்டின்மேல் எழுத வேண்டாம். படம் நகரும்போது அவை கூடவே வராமல் அந்தரத்தில் நிற்கும். ஷீட்டில் இருக்க வேண்டியவை தலைப்புக் கட்டம், கையொப்ப இடம், திருத்த விவரம், எல்லா வேலைக்கும் பொதுவான குறிப்புகள் ஆகியவை மட்டுமே. தலைப்புக் கட்டத்தை, ஷீட்களுக்குப் பொதுவான மாஸ்டர் லேயவுட்டில் ஒருமுறை அமைத்து, வேலையின் பெயர், ஷீட் எண், ஸ்கேல், தேதி ஆகியவற்றைத் தானே நிரம்பும் உரையாக வைத்தால் போதும்.

வியூக்களை எப்படிப் பிரிப்பது என்பதற்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். வியூ மேப்பில் மூன்று கோப்புறைகள்: அனுமதிக்கு, கட்டுமானத்துக்கு, மின்சாரத்துக்கும் குழாய்க்கும். தரைத்தளப் பிளான் மூன்றிலும் உண்டு. அனுமதிக்கான வியூ 1:100. எல்லையிலிருந்து விடும் இடமும் வெளி அளவும் மட்டும் தெரியும், கட்டில் மேசை கிடையாது. கட்டுமானத்துக்கானது 1:50, சிட்அவுட்டிலிருந்து ஒர்க் ஏரியாவரை உள் அளவெல்லாம் இருக்கும். மாடலில் சுவர் ஒன்றுதான். புராஜெக்ட் மேப்பிலிருந்து நேராக ஷீட்டுக்கு இழுத்தாலும் ஆர்க்கிகேட் ஒரு வியூவைத் தானே சேமித்துக்கொள்ளும். ஆனால் அந்த நொடியில் திரையில் திறந்திருந்த லேயர்களோடு சேமிக்கும் என்பதால், கட்டிலும் சோபாவும் அனுமதிப் பிளானுக்குள் நுழைவது இந்த வழியாகத்தான். 1:100 வியூவை ஷீட்டில் இருமடங்கு பெரிதாக்கி 1:50 என்று எழுதுவதும் வேண்டாம். எழுத்தும் சேர்ந்து இருமடங்காகும், 1:50-க்கு உரிய விவரமும் வராது.

ஏ3 தாள் 420-க்கு 297 மி.மீ. உங்கள் வீடு 1:50-இல் 253-க்கு 186 மி.மீ.; சுற்றிலும் அளவுக்கோடுகளுக்கு 40 மி.மீ. விட்டால் 333-க்கு 266 ஆகும். தலைப்புக் கட்டத்தைக் கீழே படுக்க வைத்தால் இடம் போதாது. வலப்பக்கம் 65 மி.மீ. அகலத்தில் நிமிர்த்தி வைத்தால் அடங்கும்.

ரெவிட் என்ற மற்றொரு கட்டட மென்பொருளுக்கு மாறும் எண்ணம் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கும் இதே மூன்று படிகள்தாம். ஒரு வேறுபாடு மட்டும் உங்களைத் தடுக்கும். ஆர்க்கிகேட்டில் ஒரே வியூவைப் பல ஷீட்களில் வைக்கலாம். ரெவிட்டில் பிளான், செக்‌ஷன் போன்ற ஒரு வியூவை ஒரு ஷீட்டில் மட்டுமே வைக்க முடியும். லெஜண்டும் (குறி விளக்கம்) அட்டவணையும் விலக்கு. இரண்டாம் ஷீட்டுக்கு வேண்டுமானால் வியூவை நகலெடுக்க வேண்டும். ஒரே தோற்றத்தைக் காக்க வியூ அமைப்புகளின் வார்ப்பான வியூ டெம்ப்ளேட்டைப் பயன்படுத்துவார்கள்.

கடைசியாக, ஷீட்கள் வெளியே போகும் வழி. எல்லாம் புதுப்பித்தபின், ஷீட்களை வெளியிடும் பப்ளிஷரில் மூன்று தொகுப்புகளாக வைத்துப் பிடிஎஃப் எடுங்கள். அச்சிடும் கடையில் தாளுக்கேற்பப் பொருத்தும் தேர்வை நீக்கச் சொல்லுங்கள். ஏ3 ஷீட்டை ஏ4 தாளில் அடக்கினால் நீளம் 0.707 மடங்காகச் சுருங்கி, 1:100 என்று எழுதியது உண்மையில் 1:141 ஆகிவிடும். தாளோடு சேர்ந்தே சுருங்கும் ஓர் அளவுப்பட்டையைப் படத்தின் அடியில் வைத்திருந்தால் அப்போதும் அளவெடுக்க முடியும். பஞ்சாயத்துக்குக் கொடுத்த தொகுப்பைக் காக்க ஷீட்களின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். அன்றைய பிடிஎஃப்பைத் தனிக் கோப்புறையில் வைத்தால் போதுமானது. கொத்தனாரின் கைப்பேசியில் கிடக்கும் பழைய பிடிஎஃப்பை எந்த இணைப்பாலும் புதுப்பிக்க முடியாது. ஆகவே கோப்பின் பெயரிலும் தலைப்புக் கட்டத்திலும் திருத்த எண்ணையும் தேதியையும் போட்டு, 61 கோல் கணக்குக்கு உரிய தொகுப்பை அனுப்பும்போதே, பழையதை அழிக்கும்படி அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.